பால் காய்ச்சிய விறகு

கிர்ர்ர்... கிர்ர்ர்... என்று டெலிபோன் மணி அலறிய அலறலில், முத்தையா பிள்ளையின் கையிலிருந்த ஆணிப் பெட்டி நழுவிக் கடை முழுக்க ஆணி சிதறியது.

பதுளைக் கடைத்தெருவில் டெலிபோன் வைத்திருந்த சில கடைகளில் அவருடைய இரும்புக் கடையும் ஒன்று. வியாபாரத்தோடு, தேயிலைத் தோட்டங்களில் கூலிக்காரர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் கட்டிக் கொடுக்கும் கொந்தராத்தும் அவருக்கு உண்டு. அந்த லயங்களுக்குத் தச்சு வேலை செய்யும் ஜுனைதீன் பாஸ், எதிரே மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஆணியைப் பொறுக்கும்படி அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, பிள்ளை டெலிபோன் குழாயை எடுத்துக் காதில் வைத்தார்.

"அலோ! அலோ, யாருங்க? ... சத்தமாப் பேசுங்க, இங்க மழை தகரத்துல கொட்டுது. ... மொட்டைப்பாறைத் தோட்டமா? அடடே, பெரிய கிளாக்கர் ராமநாதன் ஐயாவா! வணக்கமுங்க, வணக்கம். ... ஆமா. ஆமாங்க. கதவுதானே? ... தெரியும் ஐயா. எல்லாச் சாமானும் பண்டாரவளை ஸ்டேசன்ல வந்து எறங்கிருச்சு. ரயிலு அதுக்கு மேல வந்தாத்தானே? அங்கேருந்து உங்க மடுல்சீமை வரைக்கும் மாட்டு வண்டியில இழுத்தாகணும். இந்த மழையில எந்த வண்டிக்காரன் ஏறுவான்? ... சாக்குச் சொல்லல ஐயா, சத்தியமா. ... என்னது? வாசல்லயும் சாக்குதான் தொங்குதா? ஹஹ்ஹா... நல்லாச் சொன்னீங்க போங்க."

சிரிப்பை அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை போலிருக்கிறது.

"சரிங்க. ... சரி. ... ஆமா, தண்ணி ஓடுற கான் இன்னும் வெட்டல, ஒத்துக்கிறேன். ... ஆமா, பொகைக்கூண்டு வைக்கல. ... தரையா? தரையைச் சாணி போட்டு மெழுகிக்கிறோம்னு கங்காணிதானே சொன்னாரு? ... ஐயா, ஐயா, கொஞ்சம் கேளுங்க. லயம் முடிஞ்சிருச்சுன்னு நான் சொன்னது சுவரையும் கூரையையும். சில்லறை வேலை கெடக்கத்தானே செய்யும்? பழைய லயத்துல ஒழுகுதுன்னு அவசரப்பட்டுச் சனத்தைக் குடியேத்தினது நீங்க... தொரையா? தொரை அங்கதான் இருக்காரா? பக்கத்துலயா?"

பிள்ளையின் குரல் எண்ணெய் போட்டதுபோல் வழுக்க ஆரம்பித்தது. காரணம் இருந்தது. மொட்டைப்பாறையில் ஆஸ்பத்திரி கட்டப் போகிறார்கள். யாருக்குக் கொந்தராத்து என்று தோட்டத்தை நடத்தும் துரை இன்றோ நாளையோ சொல்லிவிடுவார். ஜுனைதீன் பாஸ் காலையிலிருந்து கடையில் காத்துக் கிடப்பதும் அதற்காகத்தான்.

"தொரைக்கு என் சலாம் சொல்லுங்க. முத்தையா கட்டினா மலை அசைஞ்சாலும் சுவர் அசையாதுன்னு சொல்லுங்க. ... சனங்க சந்தோசமா இருக்காங்களா? அதானே வேணும்! ... பால் காய்ச்சினாங்களா? எப்ப, வெள்ளிக்கெழமையா? நல்ல நாளுதான். எல்லாக் காம்பராவுலயும் பொங்குச்சா? ... பலே! புது வீட்டுல பால் பொங்கினா அப்புறம் என்ன கொறை? ... ஆனா இந்த ஈரத்துல காஞ்ச வெறகு எங்க கெடைச்சுது? ... நானா? நான் எங்கய்யா வெறகு குடுத்தேன்?"

கேட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தக் கம்பு? ... ஒவ்வொரு காம்பரா நடுவுலயும் நட்டு வச்சிருந்த கம்பா?"

ஜுனைதீன் பாஸ் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

அந்த லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறையாக உள்ள ஒவ்வொரு காம்பராவுக்கும் கூரையைத் தாங்குவது ஒரு விட்டம். முழு நீள மரம் கிடைக்காததால், இரண்டு மரத்தை நடுவில் ஒட்டுச் சேர்த்து ஒரே விட்டமாக்கியிருந்தார்கள். அந்த ஒட்டை இறுக்க இரும்பு போல்ட்டு போட வேண்டும். போல்ட்டு வரும்வரைக்கும் என்று பாஸ் ஒட்டுக்கு நேர் கீழே ஒரு முட்டுக் கம்பு கொடுத்துவிட்டு வந்தார். கம்புதான் கூரையைத் தாங்குகிறது என்று தோட்டத்தில் சொன்னால், லயம் முடிந்தது என்று எப்படிச் சொல்வது? "மேசன்மார் விட்டுட்டுப் போன கம்பு, பின்னாடி வந்து எடுத்துக்குவாங்க" என்று பிள்ளை சொல்லி வைத்திருந்தார்.

"வெட்டிட்டாங்களா? ... ஒண்ணு விடாமயா? ... ஆமா, காஞ்ச மரந்தான். நல்லா... நல்லா எரிஞ்சிருக்கும். ... பாய் விரிக்க எடமும் ஆச்சுங்கிறாங்களா? ... ஆமா, ஆமா. ஐயா, ஒண்ணு கேக்குறேன். இப்ப லயத்துல யாரு இருக்கா? ... கொழுந்து பறிக்கப் போயிருக்காங்களா? எல்லாருமா? அப்பாடா... இல்ல, சும்மாத்தான் கேட்டேன். மழையில நனையுறாங்களேன்னு. ... யாரு? புள்ளை பாக்குற இராக்கம்மாவா? அவ எதுக்கு அங்க இருக்கா? ... கடைசிக் காம்பராவைப் பிள்ளைக் காம்பராவா ஆக்கிட்டீங்களா? யாரைக் கேட்டு... கோவிக்கல ஐயா, கோவிக்கல. தாய்மாரு வேலைக்குப் போனா பச்சப் புள்ளைங்களை எங்கயாச்சும் போடத்தானே வேணும். தொட்டிலெல்லாம் எதுல கட்டியிருக்கு?"

மழை ஓங்கியது. அவர் மறு காதைப் பொத்திக்கொண்டார்.

"விட்டத்துலயா? ... அத்தனையுமா?"

ஜுனைதீன் பாஸ் எழுந்து நின்றுவிட்டார். பிள்ளை அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். உடனே சொல்லிவிடலாம்தான். ஆனால் துரை அங்கே பக்கத்தில் நிற்கிறார். பிள்ளைகளையும் காப்பாற்றலாம், பெயரையும் காப்பாற்றலாம் என்று அவருடைய வியாபாரப் புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது.

"ஐயா, மறந்தே போனேன் பாருங்க! அந்தக் கடைசிக் காம்பராவுக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பியிருக்கேன். இப்ப வந்து நிப்பாங்க. புள்ளைங்களை உடனே எடுத்து தேயிலை ஸ்டோருக்குக் கொண்டுபோயிருங்க. ... மழைதான். மழையில அடிச்சா என்ன, உள்பக்கம்தானே? ... நாளைக்கா? நாளைக்கு வேண்டாம் ஐயா, இன்னைக்கே... தொரை சிரிக்கிறாரா? ... சிரிக்கட்டும். ... என்ன சத்தம்? ... கிரீச் கிரீச்சுன்னா? எங்க, கூரையிலயா? ... காலையில இருந்தா? ... எலியா? இராக்கம்மா எலிங்கிறாளா?"

பிள்ளை எலி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த பொய்க்குத் தாவினார்.

"எலி இல்லீங்க, பாம்பு! ஆமா, பாம்பு. கூரை போடும்போதே ஜுனைதீன் பாஸ் பார்த்தாரு. நல்ல பாம்பு. இதோ பக்கத்துல நிக்கிறாரு, கேளுங்க... அதனால புள்ளைங்களை உடனே வெளிய கொண்டாந்திருங்க. ... ஆமா, இந்த நிமிசமே. ... என்ன? யாரை அனுப்பிட்டாரு? ... தொரை ஆளை அனுப்பிட்டாரா? கம்போடயா? கூரை மேல ஏறியா?"

பிள்ளை குழாயை வாயோடு அழுத்திக் கத்தினார்.

"ஏறக்கூடாது! ஐயா, ஏற விடாதீங்க! கூப்பிடுங்க அவனை! ... பாம்பு இல்ல! ... இல்லய்யா, பாம்பும் இல்ல, எலியும் இல்ல, விட்டம் பிரியுது! அந்தச் சத்தம் விட்டம் பிரியிற சத்தம்! ... ஒட்டுல போல்ட்டு போடல. நான் போடல. நீங்க எரிச்ச கம்புதான் கூரையைத் தாங்கிக்கிட்டு நின்னுச்சு! ... அப்புறம் திட்டுங்க, காலம்பூரா திட்டுங்க, இப்ப அவனைக் கூப்பிடுங்க!"

ஜுனைதீன் பாஸ் அவர் தோளை உலுக்கி, ஒரு கையைத் தொட்டில்போல் வளைத்து, மறு கையால் 'ஆட்டாதே' என்று காட்டினார். மெதுவாக, ஒவ்வொன்றாக, சுவர் ஓரமாக.

"கேளுங்க ஐயா. தொட்டிலை ஆட்டக்கூடாது. அவுக்கவும் கூடாது, இழுபட்டா ஒட்டு விட்டுரும். புள்ளையை மட்டும் அப்படியே அலுங்காமத் தூக்கணும். நடுத் தொட்டிலை மொதல்ல. ... ஆமா, நடுத் தொட்டில். ஒரு ஆளுக்கு மேல உள்ள போகாதீங்க. சுவரு ஓரமாவே போயி, சுவரு ஓரமாவே வரணும். ... போங்க! நீங்களே ஓடுங்க! நான் இங்கயே நிக்கிறேன்."

அந்தப் பக்கம் குழாய் மேசையில் விழுந்து உருண்ட சத்தம் காதில் இடித்தது. அதன் பிறகு பேச ஆளில்லை.

அலோ, அலோ என்று இரண்டு முறை வெறும் கம்பிக்குள் கத்திப் பார்த்தார். தூரத்தில் யாரோ ஓடினார்கள். தப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்கு அடிக்கிற நிதானமான அடி இல்லை. கை பதறி அடிக்கிற அடி. ஒரு பெண் எதையோ கத்தினாள். குழந்தை ஒன்று அழுதது, பிறகு இன்னொன்று. அந்த அழுகையைக் கேட்கக் கேட்கப் பிள்ளைக்கு இன்னும் வேண்டும்போல இருந்தது. அழுகிற குழந்தை வெளியே வந்த குழந்தை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"முருகா... அழுங்க, அழுங்க சாமி... எல்லாரும் அழுங்க..."

அப்போது தகரம் சரிந்தது. கம்பி வழியாகவே கேட்டது: படபடவென்று ஒரு நீண்ட இரைச்சல், கடைசியில் கனமாக ஒரு மோதல். அழுகை எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. ஜுனைதீன் பாஸ் குழாயின் மறுபுறம் காதை ஒட்டி நின்றார்.

"அலோ! ... அலோ! ... யாராச்சும் எடுங்கய்யா! ... அலோ... ஐயாவா? ராமநாதன் ஐயாவா? புள்ளைங்க? ... ஐயா, புள்ளைங்க என்னாச்சு? ... எல்லாமா? ... நல்லா எண்ணிப் பாத்தீங்களா? ... இராக்கம்மா? ... கால்லதானே, காயம்தானே? ... சாமி... சாமி..."

பிள்ளை ஆணிகள் கிடந்த தரையிலேயே சரிந்து உட்கார்ந்தார். குழாயின் கயிறு இழுபட்டு நின்றது. ஆணி குத்தினது அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க, கேக்குது. ... ஆமா. ... தொரை என்ன சொல்றாரு? ... யாரைத் திட்டுறாரு? சனங்களையா? ... முட்டுக் கம்பை வெட்டினது அவங்க தப்புன்னா? ... ஏன்? நான் போல்ட்டு போடலன்னு சொன்னதை நீங்க அவருகிட்ட சொல்லலையா? ... ஓ. ... ஓ, லயம் முடிஞ்சிருச்சுன்னு பார்த்து ஒப்புக்கிட்டது நீங்களா. ... புரியுது. உங்க வேலையும் போயிரும். ... ஆமா. எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ... ஆஸ்பத்திரியுமா? எனக்கேவா?"

பிள்ளை குழாயை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இராக்கம்மாவை என்ன செய்யப் போறாங்க? ... பத்துச்சீட்டா? பழியை அவ மேல போட்டு, தோட்டத்தை விட்டே வெரட்டவா? காலு ஒடிஞ்சு கெடக்கிறவளையா? ... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. ... வாயை மூடிக்கிட்டா போதும்ங்கிறீங்க. ... ஆமா. போதும்தான். ... ஆமாங்க."

ஜுனைதீன் பாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மழையைப் பார்த்தபடி வாசல் பக்கம் நடந்தார். அவர் படியில் இறங்குவதற்குள் முத்தையா பிள்ளை எழுந்துவிட்டார்.

"ஐயா, வைக்காதீங்க. போனைத் தொரைகிட்ட குடுங்க. ... எதுக்குன்னு அவருகிட்டயே சொல்றேன். ... கெஞ்சாதீங்க ஐயா, குடுங்க. ... தொரைங்களா? சலாமுங்க, முத்தையா பேசுறேன். ... இல்லீங்க, ஆஸ்பத்திரி பத்தி இல்ல. ... போன வருசம் உங்க தோட்டத்து மேக்கணக்குப் பிரிவுல நான் கட்டின லயத்துலயும் போல்ட்டு இல்லீங்க தொரை, அங்க இருக்கிற சனத்தையும் இப்பவே வெளிய எடுங்க."