வெள்ளைக் கட்டங்களுக்குக் கதவு திறந்தவருக்கு

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சிய அறிவே! ஆரவாரமறியா ஆற்றலே! மழையை மாடியில் நின்று ரசிக்காமல், மண்தரையில் படுத்திருப்போரை எண்ணி மனம் பதைத்த மாண்பே! எங்கள் வெள்ளக் கணிப்புப் பிரிவின் தலைவியாய் விளங்கி, இன்று பணிநிறைவு காணும் அம்மையே! வணக்கம்.

கணினிக்குள் ஊரைக் கட்டி, அதன்மேல் மழையைக் கொட்டி, எத்தெருவில் எத்தனை அடி தண்ணீர் ஏறுமென்று முன்கூட்டியே சொல்வது நம் தொழில். தாங்கள் வந்த காலத்தில் அந்த ஊரின் கட்டடங்கள் யாவும் கெட்டியான கட்டிகள். தண்ணீர் சுவரை முட்டும், வளைந்து தெருவோடு ஓடும், உள்ளே மட்டும் நுழையாது. கணக்கு சட்டென முடியும். தெருக்கள் நீலமும் வீடுகள் வெள்ளையுமாக வரைபடம் பளிச்சென்றிருக்கும். தாங்கள் ஒருவர்தான் அதைப் பார்த்துப் பயந்தீர்கள். "ஏம்ப்பா, இந்த வீட்டுக்கெல்லாம் கதவே கிடையாதா?" என்று கேட்டீர்கள். அன்றே தங்களுக்குக் 'கதவம்மா' என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்துச் சிரித்தவர்கள் எல்லாரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தச் சிரிப்பை அடக்கியது ஒரு பெருமழைப் பிற்பகல். ஆற்றோரக் குடியிருப்பைக் காலி செய்துகொண்டிருந்த மீட்புப் பிரிவு அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். "சந்தைக் கட்டடம் உங்க படத்துல வெள்ளையா இருக்கு. சனங்கள அதோட கீழ்த்தளத்துல தங்க வச்சிடட்டுமா?" அழைப்பை எடுத்தவர் தாங்கள். "ஐயோ, வேண்டாங்க! வெள்ளைன்னா தண்ணி வராதுன்னு இல்ல, நாங்க உள்ள பார்க்கவே இல்லன்னு அர்த்தம்!" என்று கத்தினீர்கள். சனம் மேட்டுப் பள்ளிக்குப் போனது. பொழுது சாயுமுன் அந்தக் கீழ்த்தளம் கூரைவரை நிறைந்தது. அன்று எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

வாசல், சன்னல், வண்டி இறங்கும் சரிவு எனத் தண்ணீர் புகும் வழி ஒவ்வொன்றையும் அதன்பின் வரைய வைத்தீர்கள். நொடியில் முடிந்த கணக்கு மணிக்கணக்கில் இழுத்தது. மேலிடம் முகம் சுளித்தது. தாங்கள் திட்டு வாங்கினீர்கள். வாங்கியதைக் குறைவின்றித் திருப்பியும் கொடுத்தீர்கள்!

இனி எங்கள் பயத்தைச் சொல்ல வேண்டும். வேகத்துக்காக மேலிடம் வாங்கித் தந்த புதிய மென்பொருளில் கட்டடங்கள் மறுபடியும் கட்டிகள். இன்று பெய்யவிருக்கும் மழையை நேற்று அதில் ஓட்டிப் பார்த்தோம். இந்த விழாவுக்கென ஒதுக்கிய கீழ்த்தள மண்டபம் வெள்ளையாக வந்தது. "மண்டபம் வெள்ளை, விழாவுக்குத் தடையில்ல" என்று எங்களில் ஒருவர் சொல்ல, நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம்! ஆட்டிய பிறகுதான் தங்கள் கதவுக் கேள்வி நினைவுக்கு வந்தது. மண்டபத்துக்குக் கதவு வைத்து, தங்கள் பழைய முறையில் மறுபடி ஓட்டினோம். மேடை நாற்காலியின் கைப்பிடி வரை தண்ணீர் வந்தது. மூன்றாம் மாடியில், இந்தப் பழைய சாமான் அறையில், அலமாரிகளுக்கிடையே முழங்கால் இடிக்கத் தங்களை அமர்த்தியிருப்பது அதனால்தான். "மழைதானே, நான் வரல" என்று முரண்டு பிடித்த தங்கள் கணவரையும் நம் அலுவலக ஓட்டுநர் அண்ணன் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

நலமும் நிம்மதியும் நெடுங்காலம் தங்களை நீங்காதிருக்கட்டும்! எங்கள் கணக்கு பொய்த்து, மண்டபம் நனையாமல், நாளை ஊரே எங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும்! ஒன்றே ஒன்று கேட்கிறோம். தங்கள் தெரு தாழ்வானது. தங்கள் வீடு தரைத்தளம். அதற்குக் கதவு வைத்த கணக்கு பக்கத்து அறையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விடைகொடுக்கக் கூடியிருக்கும் நாங்களே கைபிடித்துச் சொல்கிறோம்: அம்மா, இப்போது போகாதீர்கள்.

தங்கள் அச்சத்துக்கு வாரிசுகளாகிய
வெள்ளக் கணிப்புப் பிரிவினர்