அடிக்குறிப்பில் அத்தை

மலேசியாவில், லூனாஸிலிருந்து கூலிம் போகும் பஸ்ஸில் ஓர் அத்தையும், யுனிவர்சிட்டியில் படிக்கும் அவளுடைய அண்ணன் மகளும் பஸ் முழுக்கக் கேட்கும்படி ரகசியம் பேசினார்கள்.

"என் பேரை ஏன்டி உன் ஆராய்ச்சிக் கட்டுரையில பக்கத்துக்கு அடியில போட்டே?"

"அது அடிக்குறிப்பு அத்தே. எல்லா நோவுக்கும் எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கிற டிரெசர் ஒரே செவப்புத் தண்ணிதான் கொடுக்கிறாருன்னு நீங்கதானே எனக்குக் கடுதாசி எழுதுனீங்க? யாரு எழுதுனா, என்னைக்கு எழுதுனான்னு போடாட்டி புரொபசர் ஒத்துக்க மாட்டாரு."

"நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா அந்தத் தண்ணியும் தரமாட்டான் லா!"

"அப்ப யாரு பேரைப் போடுறது?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள்.

"டிரெசரே உனக்குக் கடுதாசி எழுதுனான்னு போடு. போத்தல்ல என்ன இருக்குன்னு அவனுக்குத்தானே தெரியும்!"