கதவு தட்டப்படும் காட்சி

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது, சார். எங்கள் நாடக அரங்கத்து நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். இருபத்திரண்டு வருடமாக அங்கே வாசலில் நிற்பவன் நான். டிக்கெட்டைக் கிழிப்பேன், கதவைச் சாத்துவேன், திறப்பேன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அந்த வேலைக்கு அது போதும்.

வாசலில் நிற்பவனுக்கு ஒன்று தெரியும். யார், எப்போது, என்ன சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள் என்பது. செத்துப்போன விமர்சகருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பத்து நிமிஷம்’. விளக்கணைந்து பத்தாவது நிமிடம் வந்து நிற்பார். “யோவ், கதவைத் திற. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல.” ஒன்பது வருடத்தில் அந்த அம்மாவுக்கு வராத நோயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரித்தால், கடைசிக் காட்சிவரை அலசி எழுதியிருப்பார்.

என் மாப்பிள்ளை நாடகம் மொழிபெயர்க்கிறவர். அவருடைய போன நாடகத்தின் முடிவு சப்பென்று இருந்ததாக இந்த விமர்சகர் எழுதினார். அந்த முடிவு நடந்தபோது இவர் எதிர்க்கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தார், நான் பார்த்தேன். மாப்பிள்ளை நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் இந்தப் பக்கம் திரும்புவார்.

அப்புறம் நார்வே நாட்டு நாடகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அந்த மொழியைப் படித்து, பெயர்த்து முடிக்க மூன்று வருடம். புதுமாதிரி நாடகமாம். பனிக்குள் ஒரு வீடு. யாரோ வந்து கதவைத் தட்டுவார் என்று மூன்று பேர் காத்திருக்கிறார்கள். யாரும் தட்டுவதில்லை. இரண்டேகால் மணி நேரம். பேச்சு எப்போதாவது இருமல் மாதிரி வரும்.

“இதுல மொழிபெயர்க்க என்ன இருக்கு, மாப்பிள்ளை?”

“அந்த மௌனம் இருக்கே, மாமா.”



முதல் காட்சிக்கு முந்தின நாள் மகள் சொன்னாள்: “அந்த ஆளு இதையும் கிழிச்சார்னா, இவர் எந்திரிக்கவே மாட்டார்ப்பா.”

முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டட்டும் என்று நினைத்தேன். நியாயமான ஆசைதான். பகல் மூன்று மணிக் காட்சி. விளக்கணைந்ததும் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன். பக்கத்துக் கதவைப் படுதா மூட்டைகள் அடைத்திருந்தன என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் காலையில் அடுக்கியவனும் நான்தான்.

பத்தாவது நிமிடம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவுக்கு மயக்கம் என்றார். அரை மணியில் காரை எடுக்க வேண்டும் என்றார். ஒன்றரை மணி நேரம் ஆனபோது தனக்கே நெஞ்சு வலிக்கிறது என்றார். ஒரு கையால் தட்டினார், பிறகு இரண்டு கையாலும்.

உள்ளே நடந்ததை மகள்தான் சொன்னாள். தட்டும் சத்தம் கேட்டதும் மேடையில் மூன்று பேரும் வெலவெலத்துத் திரும்பினார்களாம். இரண்டு மாத ஒத்திகையில் ஒரு நாள்கூட யாரும் தட்டியதில்லை, பாவம். மூவரில் இருந்த பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள். சபையே கைதட்டியது. யாரோ “உஷ், உக்காருங்க” என்று அதட்ட, விமர்சகர் இருட்டில் தடவிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் மற்றப் பத்திரிகைகளை மாப்பிள்ளை சத்தமாக வாசித்துக் காட்டினார். மூலத்தில் இல்லாத அந்தக் கதவுத் தட்டல் உலகத் தரம் என்று ஒன்றில் போட்டிருந்தது. எளிதில் மயங்காத மூத்த விமர்சகரே விளக்கு எரிந்த பிறகும் எழ மனமின்றி அமர்ந்திருந்தார், இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா என்று இன்னொன்றில். அதை எழுதிய பையன் அவசரத்தில் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை இப்போது யாரும் எழுப்பாமல் எழுந்து பல் தேய்க்கிறார். மகள் சிரிக்கிறாள்.

பொய் சொல்கிறார் என்று நினைத்துத்தான் திறக்கவில்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் நான் காகிதத்தை நம்புகிறவன் இல்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடமாக என்னை ‘யோவ்’ என்றவர், கடைசித் தடவை “ஐயா, கொஞ்சம் திறங்கய்யா” என்றார். நிஜமாகவே வலிக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாடகம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.