ஊசி குத்திய பக்கங்கள்

தங்கை: அதக் கீழ வை, அக்கா. அது போக வேண்டாம்.

அக்கா: முழுசாப் படிச்சது இருக்கும், பாதி படிச்சது போகும். காலையிலயே பேசி முடிச்சாச்சு.

தங்கை: நீ பேசின. நான் சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன்.

அக்கா: சும்மா கேட்டா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். தம்பி, இதையும் அந்தக் கட்டுல சேருங்க. அப்படி இல்ல... பெரிசு அடியில, சின்னது மேல. புத்தக முதுகெல்லாம் ஒரே பக்கம் பாக்கணும்.

நூலகர்: நூலகத்துக்குப் போனதும் எப்படியும் கலைச்சுத்தாம்மா அடுக்கணும்.

அக்கா: கலைக்கிறது உங்க பாடு. என் வீட்டுப் படி இறங்குற வரைக்கும் ஒழுங்கா இருக்கட்டும்.

தங்கை: விட்டா ஒவ்வொண்ணுக்கும் தல வாரிப் பவுடர் போட்டு அனுப்புவா.

அக்கா: வாய் பேசுற நேரத்துக்குக் கை பேசினா வேல முடியும்.

நூலகர்: கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க... இத்தன புத்தகம் சேத்து வச்சுட்டு, ஒரேயடியா ஏன் குடுக்கிறீங்க?

தங்கை: அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். இனிமே மாடி ஏறக் கூடாதுன்னுட்டாங்க. அதனால அவ கட்டில் இந்த ரூமுக்கு வருது. நாலு சுவத்துலயும் இருந்த புத்தகத்துக்கு இனிமே ஒரே ஒரு அலமாரி.

நூலகர்: ஒரு கட்டிலுக்கு இவ்வளவு இடமா?

தங்கை: கேளுங்க, நல்லாக் கேளுங்க! கட்டில் செய்யற ஆசாரியே அளவக் கேட்டு முழிச்சாரு. ஒத்த ஆள் படுக்க எதுக்கு அத்தன அகலம்? கொஞ்சம் குறைச்சா இன்னொரு அலமாரி நிக்கும்.

அக்கா: காலை மடக்காம நீட்டிப் படுக்கணும்.

தங்கை: நீட்டுறதுக்கு நீளம்தானே வேணும்?

அக்கா: படுக்கப் போறது நான். அளவும் நான்தான் சொல்லுவேன். நீ அந்த மேல் தட்டத் துடை.

நூலகர்: இது என்னம்மா, அலமாரிக் கதவுல உள்பக்கமா ஒட்டியிருக்கு?

தங்கை: நாங்க படிக்க வேண்டிய புத்தகமெல்லாம். இந்த வீட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் என் அக்கா போட்ட வரிசை. முதல்ல அவ படிப்பா, அவ படிச்சு முடிச்சாத்தான் என் கைக்கு வரும். நான் முடிச்சதும் டிக் போடுவா.

நூலகர்: சிலதுக்கு டிக் பாதியிலயே நிக்குதே... பேனாவுல மை தீந்துடுச்சா?

அக்கா: மை தீருற பேனா இந்த வீட்டுல இல்ல. பாதி படிச்சா பாதி டிக். அவ்வளவுதான்.

நூலகர்: இந்தத் தடிப் புத்தகத்துக்கும் பாதிதான் போல. ஏன், நல்லா இல்லையா... ஆ!

அக்கா: என்னாச்சு?

நூலகர்: வெரல்ல ஏதோ குத்திடுச்சு... குண்டூசி! பக்கத்தையெல்லாம் சேத்துக் குத்தியிருக்காங்க.

அக்கா: காட்டுங்க. துரு ஏறின ஊசியா?

தங்கை: அக்கா ஊசி துரு ஏறாது. நல்ல ஊசியாப் பாத்துத்தான் வாங்குவா. ஊரு பூரா துணி தச்சுக் குடுத்தவ இல்லையா.

நூலகர்: துணிக்கு ஊசி சரி. புத்தகத்துக்கு எதுக்கு?

அக்கா: அந்தப் பக்கமெல்லாம் அச்சு சரியில்ல. எழுத்து அழிஞ்சிருக்கும். கண்ணு கெட்டுடும்னு குத்தி வச்சேன்.

நூலகர்: அச்சு நல்லா பளிச்சுன்னு தானே...

அக்கா: சரியில்லன்னு சொன்னேன். ஏய், நீ உள்ள போய்ப் பஞ்சும் மருந்தும் எடுத்துட்டு வா. இவருக்கு ரத்தம் வருது பாரு.

தங்கை: ஒரு சொட்டு. அதுக்குப் பஞ்சா?

அக்கா: போடி.

தங்கை: போறேன், போறேன். மருந்துக்கடையில வேல பாத்தவளுக்கு வீட்டுலயும் அதே வேலதான்.

நூலகர்: அம்மா... இந்தப் புத்தகத்துலயும் ஊசி. இதுலயும். பாதி டிக் போட்டது எல்லாத்துலயுமா?

அக்கா: மெதுவாப் பேசுங்க. அவளுக்கு ஒரு பொண்ணு இருந்தா. மூணு வயசு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வெறுங்கையோட வந்தோம்.

நூலகர்: அடடா...

அக்கா: அதுக்கப்புறம் அவ ஒரு புத்தகம் எடுத்தா. கதையில ஒரு பிள்ள செத்துப்போற இடம். படிச்சவ அப்படியே சுவரப் பாத்து உக்காந்துட்டா. சோறு இல்ல, பேச்சு இல்ல. அன்னைலேருந்து எந்தப் புத்தகம் வந்தாலும் முதல்ல நான் படிப்பேன். அப்படிப்பட்ட பக்கம் வந்தா ஊசி. அவ அதத் தாண்டிப் படிச்சுக்குவா.

நூலகர்: அச்சு சரியில்லன்னு அவங்களும் நம்பினாங்களா? இத்தன புத்தகத்துலயுமா?

அக்கா: அத அவகிட்டதான் கேக்கணும்.

நூலகர்: பிரிச்சுப் பாத்திருக்க மாட்டாங்களா?

அக்கா: அதையும் அவகிட்டதான் கேக்கணும். நான் கேட்டதில்ல. பாப்பா போனதுலேருந்து அந்தப் பேச்சே இந்த வீட்டுல எடுத்ததில்ல.

நூலகர்: ஊசியோட நூலகத்துல வைக்க முடியாதும்மா. நான் எடுத்துடணும்.

அக்கா: அங்க போய் எடுங்க. இவ கண்ணு முன்னால வேண்டாம்... வந்துட்டா. வெரல நீட்டுங்க.

தங்கை: இந்தாங்க. ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசினீங்க?

அக்கா: எந்தக் கட்டு முதல்ல போகணும்னு பேசினோம்.

தங்கை: பாதி டிக் கட்டு போகல. அத இந்த அலமாரியில வைக்கப் போறேன்.

அக்கா: அலமாரி முழுசாப் படிச்சதுக்கு.

தங்கை: முழுசாப் படிச்சதத்தான் முழுசாப் படிச்சாச்சே! அத எடுத்துட்டுப் போகட்டும். பாதி படிச்சத வச்சுக்கிட்டா மீதியப் படிக்கலாம்ல?

அக்கா: மீதிப் பக்கம்தான் அச்சு சரியில்லையே. அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?

தங்கை: பாத்துக்கிட்டு இருப்பேன்.

அக்கா: பாத்துக்கிட்டு இருக்கப் புத்தகம் எதுக்கு? காலண்டர் மாட்டு.

நூலகர்: நான் வேணும்னா நாளைக்கு வரட்டுமாம்மா?

அக்கா: வேண்டாம். தம்பி, கட்டுங்க. இறுக்கிக் கட்டுங்க.

தங்கை: சட்டத்தக் கொஞ்சம் மாத்தேன், அக்கா.

அக்கா: மாட்டேன். முழுசாப் படிச்சிருந்தா வை. இல்லன்னா விடு. ரெண்டுல ஒண்ணு. தம்பி, அதத் தூக்கிட்டுப் போங்க.

தங்கை: கீழ வைங்க.

நூலகர்: அம்மா...?

தங்கை: கட்டக் கீழ வைங்கன்னு சொன்னேன். அது எல்லாம் நான் முழுசாப் படிச்சது.

அக்கா: ஊசிக்கு முன்னாடியும் பின்னாடியும்தானே?

தங்கை: நடுவுலயும். ஊசியக் கழட்டிப் படிப்பேன். படிச்சுட்டு அதே ஓட்டையில திரும்பக் குத்தி வச்சுடுவேன். நூல் அளவு தள்ளினாலும் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுடுமே, தையக்காரி கண்ணாச்சே... வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, ஓட்டையத் தேடிக் குத்துவேன்.

அக்கா: எல்லாத்தையுமா?

தங்கை: எல்லாத்தையும்.

அக்கா: அழுதியா?

தங்கை: முதல் ரெண்டு மூணு புத்தகத்துக்கு. அப்புறம் அழல. அந்தக் கதைக்காரங்க யாருக்கும் காய்ச்சலப் பத்தி ஒண்ணும் தெரியல. நல்லாப் பேசிக்கிட்டே சாகுதுங்க அவங்க பிள்ளைங்க.

நூலகர்: நான் வெளிய நிக்கிறேம்மா...

அக்கா: உக்காருங்க. வேல முடியல. ஏண்டி, தெரிஞ்சே அச்சு சரியில்லன்னு தலையாட்டிக்கிட்டிருந்தியா?

தங்கை: ஆட்டாம? ஒவ்வொரு தடவையும் நீ அதச் சொல்றப்ப கொஞ்சம் திக்குவ. அதிகாரம் பண்றவ திக்கினா பாவமா இருக்காதா?

அக்கா: திக்கினேனா? பொய்.

தங்கை: சரி, திக்கல.

அக்கா: படிச்சு முடிச்சாச்சுல்ல. இனிமே அந்தப் புத்தகம் எதுக்கு?

தங்கை: புத்தகம் எனக்கு எதுக்கு? ஊசி வேணும்.

அக்கா: ஊசியா?

தங்கை: பாப்பா பேர நீ வாய் தொறந்து சொன்னதில்ல. அவ போட்டோவ எடுத்து வச்சுட்ட. கவுனு, செருப்பு ஒண்ணு விடாம யாருக்கோ குடுத்துட்ட. ஒழுங்குன்னா உனக்கு அவ்வளவு ஒழுங்கு. ஆனா ஒவ்வொரு புத்தகத்துலயும் ஊசி இருந்துச்சு. இந்த வாரமும் அக்கா அவள நெனச்சிருக்கான்னு தொட்டுப் பாத்துக்குவேன். இவர் கொண்டுபோய் அத எல்லாத்தையும் பிடுங்கி டப்பாவுல போட்டுடுவாரு.

அக்கா: அலமாரியில வை. உயரப்படி வை.

தங்கை: திட்ட மாட்டியா? இத்தன வருஷமா உன்ன ஏமாத்தியிருக்கேன்.

அக்கா: ஏமாத்தினியாம். ஊசி குத்தின புத்தகம் உன் கைக்கு வர்ற அன்னைக்கெல்லாம் தலகாணியத் தூக்கிட்டு என் கட்டிலுக்கு வந்துடுவ. குளிருதுன்னு சொல்லுவ, கோடையிலயும்... தம்பி, முழு டிக் போட்டதையெல்லாம் கட்டித் தூக்கிட்டுப் போங்க. போற வழியில ஆசாரி கடையில சொல்லிடுங்க, கட்டில் அகலத்த ஒரு விரக்கடகூடக் குறைக்க வேண்டாம்னு.