குட்டிப் பழுப்புக்கு ஜோடி

— போன வருஷம் பிடிச்ச காயும் கொட்டிடுச்சா?

— கொட்டிடுச்சு, வாத்தியாரம்மா. முதல்ல கதவைச் சாத்து, கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கற ஈரமெல்லாம் வெளிய போயிடும்.

— குடித்தனம் பண்ணப்பவும் இதே பாட்டுதான். கதவைச் சாத்து, கதவைச் சாத்து.

— ஒருநாள் ஒரேயடியா சாத்திட்டுப் போயிட்டியே.

— தோட்டக்காரரே, கோர்ட்டுல முடிஞ்சதை இங்க கிளறாதீங்க. தொட்டியை வாங்குங்க, பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டு வந்து கால் மரத்துப் போச்சு. பூ நேத்துத்தான் விரிஞ்சுது.

— நல்லா வளர்த்திருக்கே. என்னுதைப் பாரேன், அடி கறுத்துடுச்சு. வேர் அழுகல். இந்தப் பூவோட சரி.

— மருந்து போடலையா?

— போட்டேன். அழுகினதை வெட்டினேன், மண்ணை மாத்தினேன். கேக்க மாட்டேங்குது.

— இது முளைச்ச மலையில தேடினா வேற கிடைக்காதா?

— மலை எங்க இருக்கு? மொத்தத்தையும் ஜல்லியா உடைச்சு ரோடு போட்டாச்சு. நீ வந்த பஸ்ஸே அது மேலதான் ஓடியிருக்கும். இப்ப குட்டிப் பழுப்புன்னா உன் தொட்டி, என் தொட்டி, அவ்வளவுதான்.

— என்னுதையும் நீங்களே வச்சுக்குங்க. அடுத்த வாரம் தங்கச்சிகிட்டப் போறேன், கடல் தாண்டி. செடியெல்லாம் பிளேன்ல ஏத்த மாட்டாங்க.

— திரும்பி வருவியா?

— அங்கேயே இருந்துடலாம்னு இருக்கேன்.

— ம்.

— ஒண்ணு கேக்கறேன். கண்ணாடி வீடு பூரா வெள்ளையும் ஊதாவுமா இத்தனை ஆர்க்கிட் ஆடுது. வர்றவங்கல்லாம் அதுங்களோடதான் போட்டோ எடுத்துக்கறாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் அழுக்குக் கலர்ல, நகத்தளவு இருக்கற இதுமேல உசிரு?

— அதுங்க பாரு பாருன்னு மேல வந்து விழும். இது யாரையும் கூப்பிடாது. நாமதான் குனிஞ்சு பார்க்கணும்.

— செடிக்குக் குனியத் தெரிஞ்சுது உங்களுக்கு.

— குத்திக் காட்டாதே. எனக்கே தெரியும்.

— சரி, விடுங்க. அந்தக் குச்சியைக் குடுங்க, மகரந்தத்தை நானே மாத்தி வைக்கறேன்.

— வேண்டாம்.

— ஏன்?

— பிரயோஜனம் இல்ல. மண்ணை மாத்தறப்பத்தான் கவனிச்சேன். இங்க பாரேன், அடித்தண்டுல பழைய வெட்டுக்காயம். கத்தி பட்ட வெட்டு. இப்ப உன் தொட்டியில மண்ணை விலக்கிப் பாரு... ஆங், அதேதான். அதே அகலம், அதே சாய்வு. ரெண்டையும் சேர்த்து வச்சா பொருந்திடும்.

— ம்.

— கல்யாணத்துக்கு இதைக் குடுத்தப்ப உங்கப்பா என்ன சொன்னாரு? மலைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு எடுத்தேன் மாப்பிள்ளை, ஜோடியா வளரட்டும்னாரு. ஜோடியாவது ஒண்ணாவது! ஒரே செடியை ரெண்டா வெட்டிக் குடுத்திருக்காரு.

— அப்பாவுக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான் போல.

— இந்த ஜாதி தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது. கல்யாணமான புதுசுல உனக்குப் பாடமே எடுத்திருக்கேனே, மறந்துட்டியா? காய் பிடிக்கற மாதிரி பாவலா பண்ணிட்டு வாடி விழுந்துடும். பிரிஞ்சதுக்கப்புறமும் வருஷா வருஷம் பூத்த உடனே நீ ஓடி வருவே, நான் குச்சியும் கையுமா நிப்பேன்... எல்லாம் வெட்டி வேலை. ஒரு விதைகூட வந்திருக்காது. இனிமேலும் வராது. இந்த இனம் நம்ம கையிலேயே முடிஞ்சு போச்சு. உனக்கும் பாவம், வீண் அலைச்சல்.

— குச்சியைக் குடுங்க.

— நான் சொல்றது காதுல விழலையா? ரெண்டும் ஒரே செடிங்கறேன்!

— விழுதுங்க. அப்பா வெட்டினப்போ செடி ஆடாம பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்.