கழட்டிய ரெண்டு பட்டை

திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசை. எனக்கு முன்னால் ஒரு ஜீப் டிரைவரும் ஒரு நர்ஸம்மாவும். கால் முறிந்த பெண்ணொருத்தியை அவர்கள் இருவரும்தான் மலையிலிருந்து ஜீப்பில் அப்போதுதான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

"ஜீப்போட பின் ஸ்பிரிங்குல அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டையில ரெண்டைக் கழட்டிட்டேம்மா" என்றார் டிரைவர்.

"வண்டி தாங்குமா?"

"மூட்டை ஏத்தினா தாங்காது. ஆளுங்களுக்குப் போதும். முன்னெல்லாம் ஒரு சக்கரம் பாறையில ஏறினா இன்னொண்ணு அந்தரத்துல தொங்கும், அப்புறம் தொம்முனு விழும். இப்ப ஸ்பிரிங் நல்லா வளைஞ்சு குடுக்குது. ரெண்டு சக்கரமும் தரையிலயே இருக்குது."

"ஏன் கழட்டினீங்க?"

"போன மாசம் ஒரு பெரியவரு இடுப்பு முறிஞ்சு வந்தாரு. வழியெல்லாம் கத்துனாரு. என்னால கேக்க முடியல. இன்னிக்கு இந்தப் பொண்ணு சத்தமே போடல. உசுருக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துபோய் நான் திரும்பியே பாக்கலம்மா."

"பின்னால என் பக்கத்துல அவ பாதி வழியிலயே தூங்கிட்டாளே" என்றார் நர்ஸம்மா.

டிரைவர் வரிசையை விட்டு விலகிப்போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.