இரண்டு பேர் விட்டுக்கொடுத்த இடம்

தலைமை ஏற்றிருக்கும் பெரிய நர்ஸ் ஹெல்வி அம்மையார் அவர்களே! இரும்பு வளைத்த தோழர்களே! இங்கே பிள்ளை பெறப்போகும் தாய்மார்களே! கூரை ஏறியதைக் கொண்டாடும் விருந்துக்குப் பட்டாணி சூப்போடு காத்திருக்கும் பெருமக்களே! தள மேலாளன் ரெய்னோ ஹாப்பகோஸ்கியின் நன்றி கலந்த வணக்கம்!

என்னங்க, சூப் ஆறுதா? சுருக்கமாகவே பேசுகிறேன்.

இந்த மகப்பேறு மருத்துவமனை முழுவதையும் முதல் கல் வைக்கும் முன்பே கணினியில் கட்டிப் பார்த்தோமே, அந்த மாடலை முதலில் இகழ்ந்தவன் யார்? நான்! குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைக் காக்கும் வார்டில் ஒரு சின்ன மாற்றம் வந்தபோது, "இதுக்கெல்லாம் மாடல் எதுக்கு?" என்றவன் யார்? அதுவும் நான்!

நடந்தது என்ன? காற்றுக்குழாய் போடும் பாவலி, மின்கம்பி இழுக்கும் ஓய்வாவுக்கு இடையூறு வேண்டாமென்று குழாயை இடப்பக்கம் தள்ளினார். ஓய்வாவும் பாவலிக்காகக் கம்பித்தட்டை அதே இடப்பக்கம் தள்ளினார். ஒருவரிடம் ஒருவர் வாய் திறந்தார்களா? திறப்பார்களா? நாம் பின்லாந்துக்காரர்கள் ஆயிற்றே!

கடைசியில் இரண்டும் உத்திரத்தை ஒட்டிய ஒரே சந்தில் முட்டி நின்றன. நான் முடிவெடுத்தேன்: "உத்திரத்துல ஓட்டை போட்டு ஒண்ணை அதுக்குள்ள விடுங்கப்பா. ஒரு மணி நேர வேலை."

மாடலைக் கவனிக்கும் தைமி ஓடி வந்து துளைக்கருவியின் முன்னே நின்றார்.

"வழி விடும்மா. உன் பொம்மைப் படத்தோட போய் விளையாடு."

"விளையாட்டா? மொத்தக் கூரையும் இந்த உத்திரத்து மேலதான் நிக்குது. இதுல ஓட்டை போட்டுட்டு, கீழ யார் வீட்டுப் பிள்ளையைப் படுக்கவைப்பீங்க சார்?"

துளைக்கருவியை நிறுத்தச் சொன்னேன். தைமி பாவலியையும் ஓய்வாவையும் கணினித் திரைமுன் உட்காரவைத்தார். இரண்டு மாற்றங்களையும் மாடலில் ஏற்றியதும், குழாயும் தட்டும் மோதும் சந்து சிவப்பாக ஒளிர்ந்தது.

"அட, எனக்காகவா நகர்ந்தே?" என்றார் ஓய்வா.

"பின்னே? நீ ஏன்யா நகர்ந்தே?" என்றார் பாவலி.

ஓய்வா பழைய இடத்துக்கே திரும்பினார். அவ்வளவுதான்! துளையில்லை, தூளில்லை, துயரமில்லை!

ஆமாம், கைதட்டுங்கள். எனக்கல்ல, அதோ கூச்சத்தில் தூணுக்குப் பின்னே நிற்கும் தைமிக்கு! இத்தனை பேர் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் மகள் செனியாவுக்கு இது ஏழாம் மாதம். பிள்ளை முந்திக்கொள்ளும் என்கிறார் மருத்துவர். நேற்று அவள் கேட்டாள்: "அப்பா, அந்த வார்டு கூரை உறுதியா இருக்குமில்ல?"

"உறுதிம்மா" என்றேன்.

நன்றி தைமி! பொய் சொல்லாமல் என் மகளுக்குப் பதில் சொன்னேன். அனைவருக்கும் நன்றி, வணக்கம்!